பார்த்தது யார்?

ஆந்திர முதல்வராக இருந்த ராஜசேகர ரெட்டியைச் சதி செய்துதான் கொன்றார்கள் என்று சித்தூர் டீக்கடைகளில் இன்னும் சத்தியம் செய்கிறார்கள். 2009 செப்டம்பர் 2 அன்று நம் மாவட்டத்துக்குத்தான் கிளம்பினார். நல்லமலையில் ஹெலிகாப்டர் விழுந்து அவர் உட்பட ஐவரும் இறந்தார்கள். 2010 ஜனவரியில் ஒரு டிவி, ஒரு தொழில் நிறுவனமே காரணம் என்ற வெளிநாட்டு இணையதளத்தின் யூகத்தை ஒளிபரப்ப, ஆந்திரமெங்கும் அந்த நிறுவனத்தின் கடைகள் நொறுங்கின. நேரில் பார்த்தவர் ஒருவருமில்லை!

விமானி அறைக் குரல்பதிவு சொன்னது வேறு. எண்ணெய் அழுத்த எச்சரிக்கை வந்ததும், கொட்டும் மழைமேகத்துக்குள் விமானிகள் அதற்கான வழிமுறையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நாசவேலை இல்லை என்றது விசாரணைக் குழு.

சதியே நடக்காது என்று சொல்லவில்லை. 2003இல் திருப்பதி அலிபிரியில் அப்போதைய முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கண்ணிவெடி வைத்தார்களே, அங்கே சிதைந்த கார் சாட்சி. யார் சதி என்றாலும், "நீங்க பார்த்தீங்களா, கேட்டீங்களா?" என்று கேளுங்கள், தயவுசெய்து.