நான் தொட்டது எதுவும் வெளங்காது

எருமப்பட்டிப் பக்கம் 'மனச்சோர்வு' என்ற சொல்லை யாரும் பேச்சில் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. 'மனசு உட்டுப்போச்சு' என்பார்கள். 'ஆளு ஒரு மாதிரியா இருக்கறான்' என்பார்கள். பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் அது வெளியே தெரியும். தூக்கம் வராது, சோறு இறங்காது, நெஞ்சு படபடவென்று அடிக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் எல்லாம் நார்மல் என்பார். அதன்பிறகு வீட்டுக்கு வருகிற எல்லோரும் ஒரே மருந்தைத்தான் சொல்வார்கள்: "ரொம்ப யோசிக்காதீங்க."

வேடிக்கை என்னவென்றால், உளவியலாளர்களும் அறுபது ஆண்டுகளாகக் கிட்டத்தட்ட இதே இடத்தைத்தான் சுற்றி வருகிறார்கள். மனச்சோர்வுக்கும் யோசிக்கிற விதத்துக்கும் தொடர்பு உண்டு என்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வது 'யோசிக்காதே' என்பதல்ல; 'நல்லதையே நினை' என்பதும் அல்ல. இந்த வித்தியாசம் எனக்குப் புத்தகத்தில் படித்துப் புரிந்ததைவிட என் மாமாவைப் பார்த்துப் புரிந்ததே அதிகம்.

மாமாவுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. 2004-இல் ஆரம்பித்தது. 2 ஷெட்டு, 10,000 கோழி. நாமக்கல் கணக்கில் இது சின்னப் பண்ணைதான். 2020 மார்ச்சில், ஊரடங்குக்கு முன்பே, கோழி தின்றால் கொரோனா வரும் என்று வாட்ஸப்பில் ஒரு வதந்தி பரவியது. முட்டை விலை அதலபாதாளத்துக்குப் போனது. தீவனக் கடன் ஏற ஏற, கோழிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். அந்த ரோட்டில் இருந்த பண்ணைகள் எல்லாவற்றுக்கும் விழுந்தது அதே அடிதான். விலை தேறியதும் மற்றவர்கள் நகையை வைத்தாவது மறுபடி குஞ்சு இறக்கினார்கள். மாமா இறக்கவில்லை. காலி ஷெட்டைப் பார்த்தபடி கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். என்ன கேட்டாலும் ஒரே பதில்: "நான் தொட்டது எதுவும் வெளங்காது மாப்ள."

இந்த மாதிரி வாக்கியங்களைத்தான் ஆரோன் பெக் காதுகொடுத்துக் கேட்டார். பெக் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மனநல மருத்துவர். ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வு மரபில் பயின்றவர். பிறர் மேல் உள்ள கோபம் தன் மேலேயே திரும்புவதுதான் மனச்சோர்வு என்பது அந்த மரபின் விளக்கம். அதை நிரூபிக்கத்தான் பெக் நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். கோபத்தைத் தேடிப் போனவருக்குக் கிடைத்தது இழப்பும் தோல்வியும். விழித்திருக்கும்போதும் அவர்கள் மனதில் அதே சாயலில் எண்ணங்கள் சட்சட்டென்று வந்துபோவதைக் கவனித்தார். அழைக்காமலே வருகிற எண்ணங்கள். வந்ததும் உண்மை போலவே உட்கார்ந்துகொள்பவை. அவை மூன்று விஷயங்களைப் பற்றியே இருந்தன: நான் லாயக்கில்லாதவன், உலகம் எனக்கு எதிரானது, இனிமேலும் ஒன்றும் மாறாது. 1967-லும் 1979-லும் வந்த அவருடைய நூல்கள், இந்த எண்ணங்களைச் சோதித்துப் பார்ப்பதையே ஒரு சிகிச்சையாக ஆக்கின. இன்று சிபிடி என்று சொல்லப்படும் சிகிச்சைக்கு முக்கியமான வேர் அது.

1978-இல் அப்ராம்சன், செலிக்மன், டீஸ்டேல் மூவரும் எழுதிய ஒரு கட்டுரை இதை இன்னும் கூர்மையாக்கியது. கெட்டது நடந்தால் மனிதர்கள் ஏன் என்று கேட்டுக்கொள்வார்கள். அதற்குச் சொல்லிக்கொள்ளும் பதிலில் மூன்று அம்சங்களைப் பார்க்கவேண்டும் என்றார்கள். காரணம் என்னிடமா வெளியிலா? எப்போதைக்குமா இப்போதைக்கா? எல்லாவற்றிலுமா இந்த ஒன்றில் மட்டுமா? மாமாவின் வாக்கியத்தை இதில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லும் தன் இடத்தில் போய் விழுகிறது. 'நான் தொட்டது': காரணம் நான். 'எதுவும்': பண்ணை மட்டுமல்ல, போர்வெல், மகள் கல்யாணம் எல்லாமே. 'வெளங்காது': இனி என்றைக்கும். பக்கத்துப் பண்ணைக்காரர் அதே நட்டத்துக்குச் சொன்னது, "சீக்குக் காலமுங்க, எல்லார்த்துக்குந்தான் போச்சு." காரணம் வெளியே, ஒரு தொழிலில், ஒரு காலத்தில். பணம் போனது இருவருக்கும்தான். மாமாவுக்கு மட்டும் அதோடு எதிர்காலமும் சேர்ந்து போய்விட்டது.

அத்தைதான் பிடிவாதமாக அவரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனார். மாத்திரை கொடுத்தார்கள். அது தேவையாகவும் இருந்தது. தூக்கம் வந்த பிறகுதான் அவரால் பேசவே முடிந்தது. அங்கிருந்த உளவியலாளர் அவரிடம் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பண்ணையில் தினசரி நோட்டு எழுதுவீர்களா என்று கேட்டார். முட்டை எத்தனை, தீவனம் எத்தனை மூட்டை, செத்த கோழி எத்தனை என்று எல்லாப் பண்ணையிலும் எழுதுவார்கள். பழைய நோட்டுகளை எடுத்து, நட்டமான வருஷங்களை மட்டும் எண்ணிக்கொண்டு வரச் சொன்னார்.

16 வருஷத்தில் 3 வருஷம். 2006-இல் பறவைக் காய்ச்சல் பீதி, இடையில் தீவன விலை ஏறிய ஒரு வருஷம், பிறகு 2020. அந்த மூன்றிலும் ஊரே நட்டப்பட்டிருந்தது. மாமா எனக்குப் போனில் சொன்னார்: "கணக்கு செரியாத்தான் இருக்குது மாப்ள. மனசுக்குத்தான் கணக்குத் தெரியல."

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். ஒரு நிரல் தப்பாக ஓடினால் லாக்கை எடுத்துப் பார்த்துப் பிழை இருக்கும் வரியைத் திருத்துவோம். அடுத்த நொடியிலிருந்து சரியாக ஓடும். மனம் அப்படி இல்லை. வரி தப்பு என்று தெரிந்த பிறகும் அதே வரி ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் இந்தச் சிகிச்சையில் எண்ணத்தோடு செயலையும் சேர்த்தார்கள். கோவாவில் விக்ரம் படேலின் குழு செய்து 2017-இல் லான்செட்டில் வெளியான ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு இருந்த 495 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான மருத்துவம். மறுபாதிக்கு அதோடு 6 முதல் 8 சந்திப்புகள். சந்தித்தவர்கள் மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர் ஆட்கள். விட்டுப்போன வேலைகளில் சின்னதாக ஒன்றை மறுபடி தொடங்க வைப்பதுதான் அதன் சாரம். மூன்று மாதத்தில் அப்படிச் சந்தித்தவர்களில் 64 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள்; மற்றவர்களில் 39 சதவீதம்.

ஏன் சின்ன வேலை? செலிக்மனும் மேயரும் 1967-இல் செய்த நாய் ஆய்வு பிரபலமானது. தடுக்க முடியாத மின்னதிர்ச்சியைத் திரும்பத் திரும்ப அனுபவித்த நாய்கள், பிறகு தப்ப வழி இருந்தபோதும் படுத்தே கிடந்தன. கையாலாகாத்தனத்தை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்றார்கள். ஐம்பது வருஷம் கழித்து, 2016-இல், அதே இருவரும் மூளை ஆய்வுகளின் அடிப்படையில் விளக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். நீண்ட வேதனையில் முடங்கிக் கிடப்பது உடம்பின் இயல்பு. கற்றுக்கொள்ள வேண்டியது 'என் கையிலும் கொஞ்சம் இருக்கிறது' என்பதைத்தான். மாமாவைச் சோம்பேறி என்று ஏசிய சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் இதைப் படித்துக் காட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இந்த விளக்கத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 'எல்லாம் உன் நினைப்புதான்' என்று சொல்லிக் கடன் கொடுத்தவனும், விலை வைக்கிறவனும், அரசும் தப்பித்துக்கொள்ளலாம். மாமாவின் கடன் நினைப்பு இல்லை; வட்டியோடு இருக்கிற நிஜம். மனம் சோர்ந்தவர்களே உலகத்தை உள்ளபடி பார்க்கிறார்கள் என்று அலாய், அப்ராம்சன் இருவரும் 1979-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பட்டனை அழுத்தி விளக்கை எரியவைக்கும் சோதனை அது. 2022-இல் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது அந்த முடிவு நிற்கவில்லை. சோர்வு ஞானமும் இல்லை, வெறும் பிரமையும் இல்லை. நடந்ததை அது சரியாகவே பார்க்கலாம். அதன் மேல் எழுதுகிற தீர்ப்பில்தான் கோளாறு. பெக்கின் வழி அந்த இரண்டையும் பிரிக்கச் சொல்கிறது. பிரித்துவிட்டால் கடனைக் கடனாகப் பேசலாம்: வங்கியில் தவணையைத் தள்ளிக் கேட்கலாம், ஒரு ஷெட்டை வாடகைக்கு விடலாம். 'ராசியில்லாதவன்' என்கிற தீர்ப்புக்குத் தவணை கேட்க எந்த வங்கி இருக்கிறது?

மாமா அந்த இரண்டையும் செய்தார். பண்ணைக்கு இன்னும் திரும்பவில்லை. இப்போது 12 ஆடு வைத்திருக்கிறார். சில நாள் காலையில் எழ முடியாமல் கிடக்கிறார், சில நாள் விடியுமுன்னே சோளத்தட்டு அறுக்கப் போய்விடுகிறார். போன மாதம் ஒரு குட்டி செத்துவிட்டது. "அந்தக் குட்டி தங்கல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். 'எதுவும்' என்ற சொல் வரவில்லை என்பதை நான் கவனித்தேன்.

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி நம் நாட்டில் 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் மனச்சோர்வு வருகிறது. நம் தெருவிலும் ஒரு கட்டில் இருக்கும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம். கூப்பிட மனமில்லாதவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவர், 'யோசிக்காதே' என்பதற்குப் பதிலாக 'என்ன யோசிக்கிறீங்க?' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை இருக்கலாம். வருகிற வாக்கியத்தில் 'எப்பவுமே', 'எதுவுமே', 'நான்தான்' எல்லாம் எங்கே நிற்கின்றன என்று கேட்டுக்கொள்ள நமக்குப் பட்டம் தேவையில்லை.