பெருக்கலில் காணாமல் போன 1,000

'கோபால்' என்றதும் பக்கத்து வீட்டு மாமாவின் பெயர் நினைவுக்கு வரலாம். இது வேறு கோபால். 1959-ல் அமெரிக்காவில் உருவாகத் தொடங்கி, இன்றும் பல வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் சம்பளம், பென்ஷன், வட்டி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் மொழி!

இதற்கு வழிகாட்டியவர் கிரேஸ் ஹாப்பர். கணிதம் படித்தவர், அமெரிக்கக் கடற்படை அதிகாரி. அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர்களுக்குக் குறியீடுகளைவிடச் சொற்கள்தான் பழக்கம். அந்தச் சொற்களிலேயே கம்ப்யூட்டருக்கு உத்தரவு போடலாமே என்று நினைத்தார். அவர் உருவாக்கிய 'ஃப்ளோ-மேட்டிக்' மொழியின் சாயலில்தான் கோபால் பிறந்தது.

அதனால் இதில் பெருக்கல் குறி இல்லாமலே பெருக்கலாம். 'மல்டிப்ளை ஹவர்ஸ் பை ரேட் கிவிங் பே' என்று எழுதினால் போதும். வேலை செய்த மணி நேரத்தைக் கூலியால் பெருக்கி, விடையைச் சம்பளத்தில் வை என்று அர்த்தம்.

படிக்க எளிதுதான். ஆனால் ஒரு சொல் விட்டுப்போனாலும் கதை மாறிவிடும்.

'கிவிங் பே' என்பதை எழுத மறந்தால், விடை 'ரேட்' இருந்த இடத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். 40 மணி நேரம், மணிக்கு 30 டாலர் என்றால், 30 இருந்த இடத்தில் 1,200 வந்துவிடும். அடுத்தவருக்கும் அங்கிருந்தே கூலியை எடுத்தால், அவர் சம்பளம் எங்கேயோ போய்விடும்!

இன்னொன்று. சம்பளத்துக்கு மூன்று இலக்கங்கள்தான் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,200 அதில் அடங்காது. பெரும்பாலும் முன்னால் உள்ள 1 சத்தமில்லாமல் உதிர்ந்து, 200 மட்டும் பதிவாகும். இதைத் தடுக்கத்தான் 'ஆன் சைஸ் எரர்' என்ற வாசகம். விடை அடங்காவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது.

ஃபைலைத் திறக்கும் 'ஓப்பன்' என்ற சொல்லும் இப்படித்தான். மளிகைக் கடைக் கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 'ஓப்பன் இன்புட்' என்றால் படிக்க மட்டும். 'எக்ஸ்டெண்ட்' என்றால் கடைசி வரிக்குக் கீழே தொடர்ந்து எழுத. 'ஐ-ஓ' என்றால் படிக்கவும், உள்ளதைத் திருத்தவும். 'அவுட்புட்' என்றால் புது நோட்டு. அதே பெயரில் பழைய ஃபைல் இருந்தால், அதிலுள்ளது அழிந்துவிடும். 'எக்ஸ்டெண்ட்' போட வேண்டிய இடத்தில் 'அவுட்புட்' போட்டால், பல வருடக் கணக்கு ஒரே நொடியில் காலி!

2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தவர்களின் உதவித்தொகை விண்ணப்பங்கள் குவிந்தபோது, நியூ ஜெர்சி கவர்னர் பில் மர்ஃபி, கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வரும்படி கேட்டுக்கொண்டார். யாரோ எப்போதோ எழுதிய வரிகளை இன்னொருவர் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய நேரம் அது. ஹாப்பர் சாதாரணச் சொற்களுக்காக வாதாடியதன் அருமை அப்போதுதான் தெரியும்.

ஆனால் வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு சொல்லும் எந்த நோட்டைத் தொடுகிறது, எந்த எண்ணை மாற்றுகிறது என்றும் பார்க்க வேண்டும். அந்த எண்ணை நம்பித்தான் யாரோ ஒருவர் வீட்டு வாடகை கட்டக் காத்திருக்கிறார்.