தண்ணீருக்குள் மூச்சுப் பிடிக்கும் நெல்

வெள்ளம் என்றால் என்னவென்று தாம்பரத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கியது. ஜனங்கள் மொட்டை மாடிக்கு ஏறிக்கொண்டார்கள். வயலில் நிற்கும் நெல் எங்கே ஏறும்?

இதை மன்னார்குடிப் பக்கம் விவசாயம் செய்யும் என் தாத்தாவிடம் கேட்டேன். "ஐப்பசி அடைமழையில ஒரு வாரம் தண்ணி வடியலன்னா பயிர் அழுகிடும்ப்பா. நட்ட காசும் போச்சு" என்றார். ஒரு வருஷம் அப்படித்தான் சம்பா மொத்தமும் போய், பாட்டியின் தோடு அடகுக் கடைக்குப் போனதாம்.

இப்போது தாத்தா போடுவது சி.ஆர். 1009 சப்-1 என்ற ரகம். சாதாரண நெல், மூழ்கியதும் பதறிப்போய் வேக வேகமாக உயரும். சேர்த்து வைத்த மாவுச்சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்துவிடும். தண்ணீர் வடிந்ததும் துவண்டு விழும். சப்-1 நெல்லோ வளர்வதை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும்! வடிந்த பிறகு, மிச்சம் பிடித்த சத்தை வைத்து மறுபடி துளிர்க்கும். இரண்டு வாரம் வரைகூடத் தாங்குமாம்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து! அதற்குக் காரணமான மரபணுவை 2006இல் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள். ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய ஸ்வர்ணா சப்-1, 2009இல் இந்தியாவில் வெளியானது. பிறகுதான் நம்ம டெல்டாவின் சி.ஆர். 1009க்கும் அந்தக் குணம் வந்தது.

இதுவும் மந்திர நெல் இல்லை. "கதிர் முத்தினப்புறம் மழை வந்து சாஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது" என்கிறார் தாத்தா. கடலோரத்தில் உப்பு வேறு பிரச்சினை. அதற்காக நம்ம தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில், உப்புநீரில் வளரும் அலையாத்தி மரத்தின் மரபணுவை நெல்லில் சேர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்த ஒடிசா நெல்லை "பழசு, விளைச்சல் கம்மி" என்று எல்லோரும் விட்டிருந்தால் இன்று சப்-1 ஏது? அதனால்தான் நெல் ஜெயராமன் ஐயா ஊர் ஊராக அலைந்து நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டார். நாளைக்கு எந்த விதை தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்?

லீவுக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் தாத்தா பாட்டியிடம் பழைய நெல் பெயர்களைக் கேட்டு வாருங்கள். அடுத்த இதழில் ஒரு பட்டியலே போட்டுவிடலாம்!

– 9ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு