பையில் 10 கிலோ அரிசி போட்டு ஓடலாமா?

"டாக்டர், பிப்ரவரியில வெள்ளியங்கிரி ஏறப் போறோம். ஸ்கூல் பையில 10 கிலோ அரிசி மூட்டையைப் போட்டுக்கிட்டு தினமும் ஓடுறேன். இது போதுமா?"

சீசன் நெருங்கினாலே இந்த மாதிரி கேள்விகள் வரிசையா வரும். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிடறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

முதல்ல, ஓடாதீங்க. சாதாரணமா ஓடும்போதே ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் விசை காலில் இறங்கும். அதோட 10 கிலோவும் சேர்ந்தா முழங்காலும் கணுக்காலும்தான் பதில் சொல்லணும். பை முதுகில் இருந்தால் நடை மட்டும்தான்.

அடுத்தது, எடை கூடக் கூட பயிற்சியும் பலமாகும்னு நினைக்கிறோம். அது பாதிதான் உண்மை. சுமையோடு நடக்க உடல் எவ்வளவு சக்தி செலவழிக்கும் என்பதற்கு பேண்டால்ஃப் என்பவரும் சக ஆய்வாளர்களும் 1977-ல் ஒரு சமன்பாடு வெளியிட்டார்கள். ராணுவ வீரர்களுக்காக வந்த கணக்கு. அதில் 70 கிலோ எடையுள்ள ஒருவரை மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடக்க விட்டுப் பார்த்தேன். சமதரையில் 7 கிலோ பை மாட்டினால் செலவு கூடுவது சுமார் 7 சதவீதம்தான். அதே பையோடு, 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் ஏற்றத்தில் அதே வேகத்தில் நடந்தால்? இரண்டு மடங்கு தாண்டிடுது!

அதனால பையை நிரப்புறதை விட்டுட்டு, முதல்ல படிக்கட்டைத் தேடுங்க. கோவைக்காரர்களுக்கு மருதமலை இருக்கு, சென்னைக்குப் பரங்கிமலை, திருச்சிக்கு மலைக்கோட்டை. எதுவும் இல்லைன்னா நாலு மாடி அடுக்ககம் போதும்.

இன்டர்வெல் பயிற்சின்னா பெருசா ஒண்ணும் இல்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கற மாதிரி உழைப்பு, கொஞ்ச நேரம் ஆசுவாசம், திரும்ப உழைப்பு. முதல் இரண்டு வாரம் பையே வேண்டாம். 10 நிமிஷம் சாதாரண நடை, பிறகு 2 நிமிஷம் படியேற்றம், 3 நிமிஷம் மெதுவான நடை. இப்படி 4 சுற்று. வாரத்துக்கு 2 நாள், நடுவில் குறைந்தது 2 நாள் இடைவெளி. மூன்றாவது வாரம் உடல் எடையில் 5 சதவீதம் மட்டும் பையில் ஏத்துங்க. 70 கிலோ ஆளுக்கு மூன்றரை கிலோ. பிறகு ஒரு வாரம் சுற்றைக் கூட்டினால் அந்த வாரம் எடையைத் தொடாதீங்க. 10 சதவீதத்தோடு நிறுத்திக்கலாம். மலைக்கு நீங்க தூக்கிட்டுப் போறதே தண்ணி, பிஸ்கட், கம்பளி, டார்ச்தானே!

வாட்ச் காட்டுற இதயத் துடிப்பை நம்பி இருக்காதீங்க. அட்டெனலால், மெட்டோபுரலால் சாப்பிடுறவங்களுக்கு துடிப்பு கூடாமலே காட்டும். பேச்சுதான் நல்ல அளவுகோல். ஏறும்போது நாலு வார்த்தைக்கு மேல் தொடர்ந்து பேச முடியக் கூடாது. ஒரு முழு வாக்கியத்தை நிதானமா சொல்ல முடிந்த பிறகுதான் அடுத்த சுற்று.

அரிசிக்குப் பதிலா தண்ணீர் பாட்டில் வைங்க. 1 லிட்டர் 1 கிலோ. ஏறி முடிச்சதும் செடிக்கு ஊத்திட்டு வெறும் பையோடு இறங்கலாம். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், தொடையையும் முழங்காலையும் பதம் பார்ப்பது இறக்கம். ஒரு மாசம் கழிச்சு, பாதித் தண்ணீரோடு மெதுவா இறங்கிப் பழகுங்க. அந்தப் பழக்கம் இல்லாம போறவங்கதான் திரும்பி வரும்போது மூங்கில் தடியைப் பிடிச்சுக்கிட்டு கால் நடுங்க நிப்பாங்க.

பைப்பட்டை அழுத்தி கை மரத்துப் போனா உடனே கழட்டிடுங்க. தோள் நரம்பு நசுங்குது.

இப்போ நான் உண்மையா பயப்படுற விஷயம். ஏழு மலை, ஒரு வழி ஏறக்குறைய 6 கி.மீ. 2024 சீசனில் ஏறப் போன பலர் உயிரோடு இறங்கவில்லை. 108 அடிவாரம் வரைதான் வரும். அஞ்சாவது மலையில் ஒருத்தருக்கு நெஞ்சு வலி வந்தா, ஆள் வைத்துத் தூக்கி இறக்கவே மணிக்கணக்காகும். மாரடைப்பில் அந்த நேரம்தான் நம்ம கையில் இருக்கணும்.

ஆகவே படிக்கட்டில் ஏறும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் 'ஸ்டாமினா பத்தலை'ன்னு அடுத்த சுற்றுக்குப் போகாதீங்க. அங்கேயே உட்காருங்க, 108-க்குக் கூப்பிடுங்க. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சுத் திணறலாகவும் வியர்வையாகவும் வரலாம்.

40 வயசு தாண்டினவங்க, பிபி, சுகர், புகைப்பழக்கம் இருக்கிறவங்க, வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்தவங்க பை மாட்டுறதுக்கு முன்னாடியே அரசு மருத்துவமனைக்கு ஒரு நடை வாங்க. இசிஜிக்குக் காசு கிடையாது. ஓய்வா படுத்திருக்கும்போது எடுக்கிற இசிஜி சரியா இருந்தாலே எல்லாம் சரின்னு அர்த்தம் இல்லை. தேவைப்பட்டால் டிரெட்மில், எக்கோ எழுதித் தருவோம். வரும்போது சாப்பிடுற மாத்திரை அட்டைகளை மறக்காம எடுத்துட்டு வாங்க. 'வெள்ளைக் கலர் சின்ன மாத்திரை'ன்னு சொன்னா எங்களுக்குத் தெரியாது.