இரு காவலரும் ஒரு பயணியும்

தாதர் நிலையத்தை அறியாத தமிழர் மும்பையில் இலர். மேற்கு ரயில்வேயும் மத்திய ரயில்வேயும் இங்கே தோளோடு தோள் உரசி நிற்கின்றன. 2023 டிசம்பர் வரை இரண்டும் தத்தம் மேடைகளை ஒன்று முதலே எண்ணி வந்தன. ஊரிலிருந்து வரும் உறவினரிடம் “ஒன்றாம் மேடையில் நில்லுங்கள்” என்று சொல்லிவிட்டு, அவர் ஓர் ஒன்றிலும் நாம் மற்றோர் ஒன்றிலுமாகத் தேடித் திரிந்த கதை எத்தனையோ குடும்பங்களில் உண்டு. இப்போது 1 முதல் 14 வரை தொடர் எண் இட்டுவிட்டனர். பெயர் ஒன்று, பொருள் இரண்டு என்னும் குழப்பம் தீர்ந்தது. பெயர் இரண்டு, பொருள் ஒன்று என்னும் குழப்பமோ வேறு வகை. அதைப் பற்றியே எழுத விழைகிறேன்.

நான் கணிப்பொறி விஞ்ஞானத்தில் முதுகலை பயில்பவன். பொருள்நோக்கு நிரலாக்கம் என்ற பெயரைக் கேட்டு அன்பர்கள் அஞ்ச வேண்டா. தரவையும் அதன்மீது செய்யத்தக்க செயல்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, அதற்குப் ‘பொருள்’ என்று பெயரிடுவது அம்முறை. மதிப்பெண் பதிவேடு ஒரு பொருள் எனக் கொள்வோம். காட்டு, திருத்து, அழி என்பன அதன் செயல்கள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் கல்லூரி என்னாவது! ஆகவே அதனை மற்றொரு பொருளால் உறையிடுகிறோம். வெளியார் உறையிடமே பேச வேண்டும். கேட்பவரின் உரிமையை அது சோதித்து, தகுமாயின் உள்ளே அனுப்பும். காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசைட்ஸ் ஆகிய நால்வரும் 1994-இல் வெளியிட்ட ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ என்னும் நூலில் இத்தகைய காப்பு உறையையும் ஒரு வடிவமாக எடுத்துரைத்துள்ளனர்.

உறை ஒன்றாயின் தொல்லை இல்லை. உறைக்குமேல் உறை வந்து, ஒவ்வொன்றும் தனக்கெனச் சோதனை ஒன்று வைத்திருந்தால், அவற்றின் விடைகளை எவ்வாறு கூட்டுவது? “எல்லாரும் ஆம் என்றால் மட்டுமே ஆம்” என்பது முதற்கண் தோன்றும் விடை. வங்கிப் பெட்டகத்தைத் திறக்க வங்கியின் சாவியும் வேண்டும், நம் சாவியும் வேண்டும் அன்றோ? அதுபோலத்தான். வெளியுறை உள்ளே தரப்பட்ட உரிமையைக் குறைக்கலாம், கூட்டலாகாது.

ஆயினும் விடைகள் இரண்டே அல்ல. ஓயசிஸ் அமைப்பு 2003-இல் வெளியிட்ட எக்ஸ்ஏசிஎம்எல் என்னும் தர விதிகள் நான்கு விடைகளைக் கூறுகின்றன: அனுமதி, மறுப்பு, பொருந்தாது, தீர்மானிக்க இயலவில்லை. ஒரு காவலன் “இது என் வேலையன்று” என்பதும் “போகாதே” என்பதும் வேறு வேறு. “எனக்கு விளங்கவில்லை” என்பது அவ்விரண்டினும் வேறு. விளங்காமையை மறுப்பாகவே கொள்வது பாதுகாப்பான வழக்கம். அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்பதைப் பாடநூல்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அவ்விலையை என் வீட்டில் ஒருமுறை கொடுத்தோம். என் தந்தையார் தாதரில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதுபவர். எங்கள் வீடு கல்யாணில். இடையே ரயிலில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். கொரோனாக் காலத்தில், 2020 மார்ச்சில் நின்ற புறநகர் ரயில் அவ்வாண்டு ஜூன் 15-இல் இன்றியமையாப் பணியாளர்க்கு மட்டும் ஓடத் தொடங்கிற்று. மளிகைக் கணக்கர் அப்பட்டியலில் இல்லை. பேருந்து மாறி மாறிச் சென்று, இரவு பத்துக்கு மேல் வீடு திரும்புவார். பிறகு 2021 ஆகஸ்டு 15 முதல், இரு தவணைத் தடுப்பூசியும் இட்டுக்கொண்டு 14 நாள் கழிந்தவர்கள் ரயிலேறலாம் என்று மாநில அரசு அறிவித்தது.

இப்போது பாருங்கள். பயணச்சீட்டு உண்டா எனக் கேட்பது ரயில்வேயின் பழைய சோதனை. அதன்மேல் தடுப்பூசிச் சோதனை என்னும் புது உறையை மாநிலம் இட்டது. நிலைய வாயிலில் மேசை போட்டு, சான்றிதழையும் அடையாள அட்டையையும் ஒப்பிட்டு முத்திரை குத்துவர். அம்முத்திரையைக் காட்டினால் சன்னலில் மாதச் சீட்டு தருவர்.

தந்தையார் ஒரு நிலையத்திற்குச் சென்றார். மேசையில் சான்றிதழையும் ஆதாரையும் ஒப்பிட்டனர். இரண்டிலும் நம் ஊர் வழக்கப்படி தலைப்பெழுத்தும் பெயரும். முத்திரை விழுந்தது. சன்னலிலோ அவருடைய பழைய மாதச் சீட்டு அட்டையைக் கேட்டனர். அதில் இவ்வூர் வழக்கப்படி அவர் பெயரும், அதன் பின்னே குடும்பப் பெயர்போல் என் பாட்டனார் பெயரும் இருந்தன. சீட்டு இல்லை என்றனர். காரணம் கேட்டதற்கு “நாளை வாருங்கள்” என்பதே விடை. மூன்று நாள் அலைந்தார்; மூன்று நாள் சம்பளம் போயிற்று. நான்காம் நாள் வேறொரு எழுத்தர் மூன்று தாள்களையும் அருகருகே வைத்து, “உங்கள் தகப்பனார் பெயர் என்ன?” என்று மராத்தியில் ஒரே கேள்வி கேட்டார். சீட்டு கிடைத்துவிட்டது.

“எல்லாரும் சட்டப்படிதான் செய்தார்கள், தம்பி. யாரிடம் போய்க் கேட்பதென்றுதான் எனக்குத் தெரியவில்லை” என்றார் தந்தையார்.

நிரலிலும் இதே நிகழ்கிறது. உறையும் அதனுள் இருக்கும் பொருளும் ஒன்றா என்று ஜாவா மொழியில் இரட்டைச் சமக்குறியால் கேட்டால், ‘அல்ல’ என்றே விடை வரும். உரியவர் பட்டியலில் இருப்பது உள்ளிருக்கும் பொருள்; வந்து நிற்பதோ உறை. எனவே பட்டியலில் இல்லை என்று சோதனை கைவிரிக்கும். தனித்தனியே இரு சோதனைகளும் பிழையற்றவை. கூட்டும்போது உரியவனையே வெளியே தள்ளுகின்றன. வந்தவர் யார் என்பதை முதல் வாயிலிலேயே ஒருமுறை தெளிந்து, அத்தெளிவையே எல்லாக் காவலர்க்கும் கைமாற்ற வேண்டும்; அவரவர் கண்ட தாளைக்கொண்டு அவரவர் முடிவு செய்ய விடலாகாது. என் ஆய்வேட்டின் பாதி இதுதான்.

முத்திரையைப் பற்றியும் ஒரு சொல். அது முன்னொரு நாள் செய்த சோதனையின் நினைவு. நினைவை நம்பினால் வேலை விரைவாகும். இடையில் விதி மாறினால் பழைய நினைவு பொய்யாகும். அனுமதியின் விடையை நினைவில் வைத்து வேகம் தேடும் யோசனைகளை ஐயத்தோடே ஆராய வேண்டும் என்று சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-லேயே எழுதினர். ரயில் விதிகளோ 2020-க்கும் 2022-க்கும் இடையே எத்தனை முறை மாறின! பெண்களுக்கு ஒரு நேரம், பொதுமக்களுக்கு ஒரு நேரம், பிறகு மீண்டும் தடை. 2022 ஏப்ரலில்தான் எல்லாம் நீங்கிற்று.

எஞ்சிய பாதியில் என் வழிகாட்டிக்கும் எனக்கும் வழக்கு. மறுக்கும்போது காரணம் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. “காரணம் சொன்னால் திருடனுக்கும் வழி சொன்னதாகும்” என்கிறார் அவர். அவர் சொல்வது பொய்யன்று; கடவுச்சொல் தவறா, பயனர் பெயர் தவறா என்று இணையதளங்கள் பல பிரித்துச் சொல்லாதிருப்பது அதனாலேயே. ஆகவே நான் சற்று இறங்கி வந்திருக்கிறேன். முழுக் காரணம் பதிவேட்டில் இருக்கட்டும், அதிகாரி மட்டும் பார்க்கட்டும். கேட்டவருக்கு ஓர் எண்ணும், மறுத்த காவலனின் பெயரும் போதும். அடுத்த வாரம் மீண்டும் பேசுவோம் என்றிருக்கிறார். எண்ணை வேண்டுமானால் விட்டுவிடுகிறேன், மறுத்தது யார் என்னும் அந்த ஒரு வரியை நீக்க மாட்டேன் என்று அவரிடம் சொல்லி வந்திருக்கிறேன்.