எமது கணனியும் ஒன்பது படங்களும்

எமது வீட்டிலே மேசைக் கணனி ஒன்றுண்டு. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலே பகுதி பகுதியாக வாங்கிப் பூட்டியது. அதன் புரொசெசர் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 3600. ஆறு கோர்கள், அடிப்படை வேகம் 3.6 கிகாஹேர்ட்ஸ், வேலை வந்தால் தானாகவே 4.2 வரை ஏறும். நினைவகமோ 3200 வேகத்துக்கென விற்கப்பட்ட இரண்டு ரேம் காட்கள். கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் இது தாராளமாகப் போதும். ஆயினும் போதும் என்றவிடத்தில் நின்றுவிடும் மனம் எத்தனை பேருக்கு உண்டு? அதிலும் பொறியியல் படிக்கின்ற மருமகன் ஒருவன் வீட்டில் இருந்துவிட்டால் கேட்கவும் வேண்டுமா!

"மாமா, ரேமை 3733க்கு ஏத்திப் பாப்பம். புரொசெசரையும் 4.25இலை நிப்பாட்டலாம். ஒரு சதம் செலவில்லை" என்றான் ஒருநாள்.

ஒரு சதம் செலவில்லை என்ற சொல்லிலே நாம் மயங்கினோம். உண்மையைச் சொல்வதாயின் இந்தப் பித்து எமக்கும் புதிதன்று. 1998ஆம் ஆண்டிலே இன்டெல் வெளியிட்ட செலரன் 300ஏ என்னும் புரொசெசரை வாசகர்களுள் மூத்தோர் சிலர் மறந்திருக்கமாட்டார்கள். 66 மெகாஹேர்ட்ஸில் ஓடவேண்டிய அதன் பஸ்ஸை 100க்கு மாற்றிவிட்டால், பெருக்கும் எண் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தமையால், 300 மெகாஹேர்ட்ஸ் புரொசெசர் 450இல் ஓடத் தொடங்கும். அக்காலத்தில் நினைவகமும் பெரும்பாலும் அதே பஸ்ஸின் வேகத்திலேயே ஓடிற்று. ஆகவே 100ஐத் தாங்கும் ரேம் இல்லாதவனுக்கு அந்த யோகமும் இல்லை. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்றை மட்டும் விரட்ட முடியாதல்லவா?

இன்றைய கணனியிலே அந்த நுகம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பயோஸில் புரொசெசருக்கு ஓர் எண், நினைவகத்துக்கு வேறோர் எண். இரண்டும் தனித்தனி என்றே தோன்றும். ஆனால் ரைசனுக்குள்ளே கோர்களையும் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதியையும் இணைக்கும் இன்பினிட்டி பப்ரிக் என்னும் பாதை ஒன்றுண்டு. 3600 ரேமின் உண்மைத் துடிப்பு 1800 மெகாஹேர்ட்ஸ். அந்தப் பாதையும் 1800இல் துடித்தால் இரண்டும் ஒத்தோடும். 3733 என்றால் பாதை 1867ஐ எட்டிப் பிடிக்கவேண்டும். சில புரொசெசர்கள் பிடிக்கும். சில, பிடித்தது போலக் காட்டும்.

மார்கழி மாதத்து இரவொன்றில் மெம்டெஸ்ட்86 என்னும் சோதனையை விடியும்வரை ஓடவிட்டோம். நினைவகத்தில் ஒரு பிழையும் இல்லை. மறுநாட் காலை புரொசெசருக்கு ஒரு மணி நேரச் சோதனை, அதிலும் குறையில்லை. மருமகன் மார்தட்டினான். நாமும் அவனுக்குச் சளைக்காமல், கண்ட நண்பர்களிடமெல்லாம் எண்களைச் சொல்லித் திரிந்தோம். இரண்டையும் ஒருசேரச் சோதிக்கவேண்டும் என்ற எண்ணம் எம்மிருவருக்கும் தோன்றவேயில்லை.

அதே மாதத்திலே ரொறன்ரோவிலிருந்து சின்னம்மா வந்திருந்தார். அவரிடமிருந்த பழைய அல்பங்களை வாங்கி, ஏறத்தாழ 1,400 படங்களை மருமகன் ஸ்கேன் செய்தான். சின்னம்மா அல்பங்களோடு திரும்பிவிட்டார். பங்குனியிலே புதிய ஹாட் டிஸ்க் ஒன்றை வாங்கி, படங்கள் யாவற்றையும் அதற்கு மாற்றினோம். பழையதைத் துடைத்து அயல்வீட்டு மாணவன் ஒருவனுக்குக் கொடுத்தோம். படங்களை மாற்றியது உச்சி வெயில் வேளை. அந்நேரத்திலேயே மருமகன் தன் பாடத்துக்கான பெரிய கணிப்பொன்றையும் ஓடவிட்டிருந்தான்.

வருஷப் பிறப்பன்று எல்லோரும் கூடிப் படம் பார்த்தோம். அம்மாவின் கலியாணப் படம் திரையில் வந்தது. நெற்றியும் கண்களும் தெளிவாக இருந்தன. அதற்குக் கீழே படம் ஒருபுறம் விலகி, பச்சை நிறம் பாய்ந்து, முகமே இல்லாமற் போயிருந்தது. அம்மா இன்று எம்மோடு இல்லை. அக்கா ஒன்றும் பேசாமல் எழுந்து குசினிக்குள் போய்விட்டார். தேடிப் பார்த்ததில் அவ்வாறான படங்கள் ஒன்பது.

கணனி ஒரு தடவையேனும் நின்றதில்லை. நீலத் திரையைக் காட்டியதுமில்லை. புரொசெசர் எல்லை மீறினால் பெரும்பாலும் கணனியே விழுந்து எம்மை எச்சரிக்கும். நினைவகம் அப்படியன்று. ரேமிலே ஒவ்வொரு பிற்றும் மிகச் சிறியதொரு மின்னேற்றமாகவே இருக்கிறது. அது கசிந்துகொண்டேயிருப்பதால் 64 மில்லி செக்கனுக்குள் மீண்டும் நிரப்பப்படவேண்டும். சூடு கூடக் கசிவும் கூடும். எமது புரொசெசரின் விசிறியோ கீழ்நோக்கி ஊதும் வகை. 4.25இல் ஓடிய புரொசெசரின் வெப்பக் காற்று பக்கத்திலிருந்த ரேம் காட்களின் மேலேயே பட்டது. எங்கோ ஒரு பிற்று புரண்டது. புரண்டதே டிஸ்க்கிற் பதிந்தது. ஜேபெக் படத்திலே ஒவ்வொரு பகுதியின் நிறமும் முந்திய பகுதியிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்றே எழுதப்படுவதால், ஓரிடத்துப் பிழை அடிவரை தொடர்ந்து செல்லும்.

அடுத்த நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு, முன்னரே செய்திருக்கவேண்டிய சோதனையைச் செய்தோம். இரண்டு வேகங்களும் ஒருசேர ஓடியபோது இருபது நிமிடத்தில் முதற் பிழை. குற்றவாளி எது? புரொசெசரைப் பழைய நிலைக்கு விட்டு ரேமை 3733இல் வைத்தோம். மூன்று மணி நேரத்தில் ஒரு பிழை. ரேமை 3600க்கு இறக்கினோம், பிழையே இல்லை. புரொசெசரை மறுபடியும் 4.25க்கு ஏற்றினோம், பொழுதுபட முன்னரே மீண்டும் ஒன்று.

ஒன்றை விட்டுக்கொடுத்தேயாகவேண்டும் என்பது தெளிவாயிற்று. புரொசெசர் தானாகவே 4.2ஐத் தொடும், நாம் அதிகம் பெற்றது அற்பம், வாங்கிக்கொண்ட சூடு மிகுதி. அதை விட்டுவிட்டோம். ரேமின் இலாபத்தையும் கடதாசியிற் கணக்கிட்டோம். 3200இல் தாமதம் 16 துடிப்பு. 3600இல் எமது காட்கள் 18 கேட்டன. இரண்டிலும் தாமதம் சரியாக 10 நனோ செக்கனே! ஒரு செக்கனில் செல்லும் தரவு மட்டும் ஒரு சனலுக்கு 25.6 கிகாபைற்றிலிருந்து 28.8 ஆகக் கூடுகிறது. கடிதம் எழுதுகிறவனுக்கு அதனால் ஆவது என்ன?

சின்னம்மாவுக்கு எழுதினோம். ஒன்பதில் ஆறு படங்களை அவர் மீண்டும் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டார். கலியாணப் படம் உட்பட மூன்றை யாரோ உறவினர் அல்பத்திலிருந்து கேட்டு வாங்கிச் சென்றார்களாம், விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

கணனி இப்போது 3200இலே ஓடுகிறது. சென்ற வாரம் மருமகன் மெல்ல வந்து நின்றான்.

"மாமா, 3600 பிழையில்லாமல்தானே ஓடினது. திரும்ப விடட்டோ?"

"அந்த மூன்று படமும் வரட்டும் தம்பி" என்றோம்.