கப்பலில் ஓர் அறை

இறக்கக்கண்டியில் கப்பலைக் காணாதவர் இல்லை. கப்பலில் அறை எடுத்தவர் என்று நான் அறிந்து ஒருவரும் இல்லை. வடக்கேயிருந்து திருகோணமலைத் துறைமுகத்துக்குச் செல்லும் கப்பல்கள் தொலைவில் புள்ளியாகத் தோன்றிப் புறாத்தீவுக்கு அப்பால் மறைவதை நாங்கள் சிறுவயது முதலே கண்டுவந்திருக்கிறோம். அண்மைக் காலத்தில் உல்லாசப் பயணக் கப்பல்களும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. 2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து ‘எம்பிரஸ்’ என்னும் கப்பல் அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்து போயிற்று. அந்நாட்களில் எங்கள் அப்பா வாடியின் நிழலில் அமர்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். கப்பலைப் பற்றி நான் சொன்னபொழுது, “அதில என்ன மீன் பிடிக்கிறாங்கள்?” என்று கேட்டுவிட்டு மீண்டும் ஊசியைக் கையிலெடுத்தார்.

அவருக்குத்தான் சென்ற ஆண்டு கப்பலில் அறை தெரிவுசெய்யும் பொறுப்பு வந்து சேர்ந்தது. கனடாவிலுள்ள என் தம்பி, சிங்கப்பூரில் ஏறி, வங்கக்கடலைக் கடந்து, திருகோணமலையையும் தொட்டு அப்பாற் செல்லும் பதினைந்து நாட் பயணத்துக்குப் பெற்றோரை அழைத்திருந்தான். “ஐம்பது வருஷம் கடலில வேலை செய்த மனுஷன். கடலில பதினைஞ்சு நாள் சும்மா இருக்கட்டும்” என்பது அவன் சொன்ன காரணம். கப்பலின் தட்டுக்களை ஒவ்வொன்றாகக் காட்டும் படமும் வந்தது. கைபேசியில் அது எறும்பு ஊர்வதுபோல் இருந்தமையால், நகரத்துக்குச் சென்று பெரிய தாளில் அச்சிட்டு வந்தேன்.

நான் தமிழ் படித்துப் பட்டம் பெற்றவன். பள்ளியில் இலக்கணம் கற்பிப்பவன். கப்பலின் அறைகள் எனக்கு என்ன தெரியும்? அத்தகைய கப்பலொன்றில் அறைப் பணியாளனாக இருக்கும் பழைய மாணவன் ஒருவனிடம் கேட்டேன். அவன் எனக்கு ஆசிரியனானான். அறைகள் பெரும்பாலும் நால்வகை: சன்னல் இல்லாத உள்ளறை, திறக்கமுடியாத கண்ணாடியுடைய கடற்பார்வை அறை, கதவைத் திறந்து வெளியே நிற்கக்கூடிய பல்கனி அறை, செல்வர்க்குரிய பேரறை. நடனக்கூடத்துக்குக் கீழும் சமையற்கட்டுக்கு அருகிலும் எடுத்தால் உறக்கம் இல்லை. சில கடற்பார்வை அறைகளின் முன்னே உயிர்காப்புப் படகு தொங்கும். அங்கே கடலுக்குப் பதிலாகப் படகின் வயிறுதான் தெரியும். “உன்னுடைய அறை எங்கே?” என்றேன். “தண்ணி மட்டத்துக்குக் கீழ, சேர். ரெண்டு பேருக்கு மேலும் கீழுமாக் கட்டில். சன்னல் இல்லை” என்றான். அவன் குறைசொல்லும் குரலில் அதைச் சொல்லவில்லை. கேட்டதற்கு விடை சொன்னான், அவ்வளவே.

அப்பா தாளைத் திண்ணையில் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் நான்கு மூலைக்கும் ஈயக்குண்டு வைத்தார். விலையைக் கேட்கவில்லை, படங்களைப் பார்க்கவில்லை. “அணியம் எது? சுக்கான் எந்தப் பக்கம்? எஞ்சின் எவ்விடத்தில கிடக்கு?” என்று கேட்டார். பின்பு, “எந்த மாசம்?” என்றார். பெப்ரவரி என்றேன். “வாடை முழுக்க ஓயாது. மேற்கே வாற கப்பலுக்குக் காத்து வலப்பக்கம், வெயில் இடப்பக்கம். கோணேசர் மலையும் துறைமுகத்துக்குள்ள போகக்குள்ள வலப்பக்கம்தான் வரும்” என்று சொல்லித் தாளின்மேல் விரலை நகர்த்தினார்.

ஆங்கிலத்தில் ‘போஷ்’ என்றொரு சொல் உண்டு. இந்தியாவுக்கு வருகையில் இடப்பக்கமும், தாயகம் திரும்புகையில் வலப்பக்கமும் வெயில் படாத அறைகளைத் துரைமார் கேட்டு வாங்கினர். அவ்வழக்கைக் குறித்த நான்கு எழுத்துக்களே அச்சொல்லாயின என்பர். அவ்வெழுத்துக்கள் பொறித்த பயணச்சீட்டு ஒன்றும் அகப்படவில்லை. சொல்லாராய்ச்சியாளர் இதனைக் கட்டுக்கதை என்றே தள்ளுகின்றனர். கதை பொய்யாயினும் வெயில் பொய்யன்று. துரைமாரின் பெயரில் உலவும் அந்த ஞானம் எங்கள் திண்ணையில் ஒரு மீனவனின் விரல்நுனியில் இருந்ததைக் கண்டு எனக்குப் பெருமிதம் உண்டாயிற்று.

அதே வங்கக்கடலில் தமிழர் இலட்சக்கணக்கில் சென்றிருக்கிறார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மக்களைச் சுமந்த ‘ரஜூலா’ 1926இல் கட்டப்பட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. கட்டிய காலத்தில் அதன் தட்டுக்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரை ஏற்ற அனுமதி இருந்தது. அவர்களுக்கு அறை இல்லை. பாய் விரித்த இடமே அறை. கடற்பயணிகளின் உயிர்காக்க 1929இல் உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தபொழுது, படுக்கையற்ற பயணிகளைப் பெருந்தொகையாக ஏற்றும் கீழைக்கடற் கப்பல்களுக்கு அதன் நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன. தளர்த்திய விதிகள் 1931இல் ‘சிம்லா விதிகள்’ என்ற பெயரால் வகுக்கப்பட்டன. 1971இல்தான் அவற்றின் இடத்துக்குப் புதிய உடன்படிக்கை வந்தது. உயிருக்கும் மேற்றட்டு, கீழ்த்தட்டு என்று விலை குறித்த ஏடு அது என்றே நான் கருதுகிறேன்.

அப்பாவின் விரல் கடைசியில் கீழிருந்து மூன்றாம் தட்டில், கப்பலின் நட்டநடுவே நின்றது. “அணியம் தூக்கி அடிக்கும். சுக்கான் பக்கம் அதிரும். மேல போகப்போக ஆட்டம் கூடும். கொம்மாவுக்குத் தலைசுத்து. இதுதான் ஆடாத இடம்.” மாணவனும் அதையே சொல்லியிருந்தான். ஆனால் அப்பா காட்டியது உள்ளறை, சன்னல் இல்லாதது, எல்லாவற்றிலும் மலிவானது. மகனின் காசை மிச்சப்படுத்தும் எண்ணமும் அதில் இருந்திருக்கும்.

தம்பி ஒப்பவில்லை. “பல்கனிதான் வேணும் அண்ணா. ஆடினால் ஆடட்டும். கதவு திறக்க வேணும்” என்றான். நான் அப்பா சொன்ன காரணங்களை விளக்கினேன். இலக்கணம் கற்பிப்பவனுக்கே உரிய பிடிவாதத்தோடு விளக்கினேன் என்பதை இப்பொழுது ஒப்புக்கொள்கிறேன். அவன் பேச்சை நிறுத்திவிட்டான்.

2010 ஆகஸ்டில் 492 தமிழருடன் கனடாவின் மேற்குக் கரையை அடைந்த ‘சன் சீ’ கப்பலை உலகம் அறியும். அதுபோன்ற பயணங்கள் வேறும் இருந்தன. என் தம்பி எதிற் சென்றான் என்பது இங்கே வேண்டாம். இருபது வயதில் சென்றான், போய்ச் சேர்ந்தான். அப்பயணத்தைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறான் என்ற செய்தி வந்தபின் வேறு எதைக் கேட்பது என்று அன்று தோன்றியது.

நான் கைபேசியை வைத்ததும் அப்பா கேட்டார்: “அவன் போன கப்பலில எவ்விடத்தில படுத்தவன்?”

இத்தனை ஆண்டுகளில் அக்கேள்வி எனக்கு எழவில்லை. மீண்டும் அழைத்தேன். தம்பி சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னான்: “அடியில, நடுவில. ஏறினவுடனே எல்லாரும் மேல போகப் பார்த்தவை. அப்பா வள்ளத்தில சொல்லித் தந்தது ஞாபகம் வந்திச்சு, நான் நடுவுக்குப் போனேன். ஆட்டம் குறைவுதான். ஆனால் பகலா இரவா என்று தெரியாது, அண்ணா. நாலஞ்சு நாளுக்குப் பிறகு ஒரு பிள்ளைத்தாய்ச்சி சத்தி எடுத்துக்கொண்டே இருந்தா. அந்த இடத்தை அவவுக்குக் குடுத்திட்டு அணியப் பக்கம் போயிட்டேன்.”

ஒலிபெருக்கியில் வைத்திருந்தமையால் அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். வாடிப் பக்கம் யாரோ வள்ளம் தள்ளும் ஓசை வந்தது. அவர் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. தாளின் மூலைகளிலிருந்த ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“கதவு திறக்கிற அறையையே எடுக்கச் சொல்லு” என்றார். “வலப்பக்கம். எந்தத் தட்டு என்றாலும் நடுவில.”

தம்பி கேட்ட விபரங்களை அன்றிரவே எழுதி அனுப்பினேன். அம்மாவின் தலைசுற்றுக்கு மருந்து வாங்கவேண்டும் என்று அதன் அடியில் ஒரு வரி சேர்த்தேன்.